மின்சாரத்தால் இயங்கும் கார் ஜன்னல்: பழுதின் இடத்தை அளந்து காணும் முறை

மோட்டார் காரின் கதவுக் கண்ணாடியை ஏற்றி இறக்குவதற்குச் சிறியதொரு மின்சார மோட்டாரைப் பயன்படுத்துவது இன்று சர்வ சாதாரணமாகிவிட்டது. 1940 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பக்கார்டு கம்பெனி, ஜன்னல்களைத் திரவ அழுத்தத்தால் இயக்கும் முறையைத் தன் கார்களில் அளித்தது. மின்சார மோட்டாரே நேராகக் கண்ணாடியை இயக்கும் முறை அதன் பின்னர்ப் பரவியது. நம் நாட்டிலோ அம்பாஸிடர், பிரீமியர் பத்மினி போன்ற வண்டிகளில் நெடுங்காலம் கைப்பிடியைச் சுற்றியே கண்ணாடியை ஏற்றி இறக்கி வந்தோம். 1990 ஆம் ஆண்டுகளிலிருந்துதான் இவ்வசதி நம் குடும்ப வண்டிகளில் படிப்படியாக இடம் பெற்றது. பட்டறையாளர் இதனைப் ‘பவர் விண்டோ’ என்றே வழங்குவர். அவ்வாறு வந்த வண்டிகளுள் பல இன்று பதினைந்து, இருபது ஆண்டுகள் உழைத்தும் ஓய்வு பெறாமல் இருக்கின்றன. அவற்றில் முதலில் தளர்வடையும் உறுப்புகளுள் இந்த ஜன்னலும் ஒன்று.

மூடாத ஜன்னலைச் சிறு தொல்லை என்று தள்ளிவிட இயலாது. கிராமங்களுக்குச் செல்லும் பணியாளருக்கு அது நனைந்த பதிவேடுகளையும், பூட்ட முடியாத வண்டியையும் குறிக்கும். மழைநீர் கதவுக்குள் புகுந்தால் பிற மின்சார உறுப்புகளும் கெடும். ஆயினும் பழுதைவிடப் பெரும் நஷ்டம் விளைவிப்பது, பழுதின் இடத்தை அறியாமல் ஊகத்தால் பாகங்களை மாற்றுவதே ஆகும். இதற்கு ஓர் எடுத்துக்காட்டுக் கூறுவோம்.

விவசாய விரிவாக்கப் பணியாளர் ஒருவரின் குடும்ப வண்டியில், முன்புறம் இடப்பக்கத்து ஜன்னலை அவர் மகள் மழை விட்ட நேரத்தில் இறக்கினாள். மீண்டும் மழை வந்தபோது அது ஏறவில்லை. பட்டறையில் மோட்டார் தீய்ந்துவிட்டதெனக் கூறிப் புதிய மோட்டாரைப் பொருத்தினர். பாட்டரியிலிருந்து நேராக இரு கம்பிகளை இழுத்து அதை இயக்கிக் காட்டினர். கண்ணாடியும் ஏறியது. பணம் கொடுத்து வண்டியை மீட்டு வந்தனர். மறுநாள் இறக்கிய கண்ணாடி முன்போலவே ஏற மறுத்தது. அடுத்துச் சுவிட்சை மாற்ற வேண்டும் என்றனர்.

அச்சிறுமி இரண்டு செய்திகளைக் கவனித்திருந்தாள். தன் கதவின் சுவிட்சினால் கண்ணாடி இறங்கியதே தவிர ஏறவில்லை என்பது ஒன்று. ஓட்டுநர் பக்கத்துச் சுவிட்சினால் அது ஏறவுமில்லை, இறங்கவுமில்லை என்பது மற்றொன்று. இவ்விரு செய்திகளையும் சேர்த்து ஆராய்ந்திருந்தால், மோட்டார் குற்றமற்றது என்பதையும், பழுது எந்தக் கம்பியில் உள்ளது என்பதையும் கதவைத் திறக்காமலேயே கூறியிருக்கலாம். எவ்வாறு என்பதை இனிக் காண்போம்.

சாதனத்தின் பாகங்கள்

கதவின் உட்புறத்தில் மூன்று முக்கிய உறுப்புகள் உள்ளன. முதலாவது மோட்டார். நிலைக் காந்தம் கொண்ட இந்த நேர்மின்னோட்ட மோட்டாரின் இரு முனைகளுக்கும் மின்சாரத்தை மாற்றிக் கொடுத்தால் அது எதிர்த் திசையில் சுழலும். அதன் தண்டில் புரிப்பல் சக்கரம் ஒன்று உண்டு. இது வேகத்தைக் குறைத்து விசையைப் பெருக்குவதுடன், கண்ணாடியைக் கையால் அமுக்கினாலும் அது கீழே இறங்காமல் காக்கிறது.

இரண்டாவது, பட்டறைகளில் ‘ரெகுலேட்டர்’ எனப்படும் ஏற்றும் அமைப்பு. பழைய வண்டிகள் சிலவற்றில் இது கத்தரிக்கோல் போன்று குறுக்கிட்ட இரு இரும்புக் கைகளால் ஆனது. மற்றவற்றில் கப்பிகளின் மேல் ஓடும் எஃகுக் கம்பிவடம் கண்ணாடியைத் தாங்கும் பிளாஸ்டிக் துண்டை இழுக்கிறது. மூன்றாவது, கண்ணாடி வழுக்கிச் செல்லும் ரப்பர்ச் சானல். இதற்கு மின்சாரத்துடன் தொடர்பே இல்லையாயினும், மோட்டாரின் ஆயுளை நிர்ணயிப்பதில் இதற்குப் பெரும் பங்குண்டு.

எடையும் உராய்வும்

கண்ணாடியின் எடை 3 கிலோகிராம் என்றும், அது 4 வினாடியில் 0.4 மீட்டர் உயர்கிறது என்றும் கொள்வோம். அதனைத் தூக்குவதற்கு வேண்டிய வேலை 3 × 9.8 × 0.4, அதாவது சுமார் 12 ஜூல். 4 வினாடிக்கு வகுத்தால் 3 வாட்டு. ஆனால் மோட்டாரோ 12 வோல்ட்டில் 6 ஆம்பியர் அளவுக்கு மின்சாரம் இழுக்கக்கூடும். அது 72 வாட்டு ஆகும். எஞ்சிய சக்தி எங்கே போயிற்று? சுருளின் வெப்பத்திலும், புரிப்பல் சக்கரத்தின் உராய்விலும், ரப்பர்ச் சானலின் உராய்விலும் அது செலவாகிறது. ஆகவே, கண்ணாடி மெதுவாக ஏறுவதற்குக் காரணம் அதன் எடையன்று. புழுதி படிந்து உலர்ந்த ரப்பரே பெரும்பாலும் காரணமாகும்.

உராய்வு மிகும்போது மோட்டார் அதிக மின்சாரத்தை இழுத்துச் சூடாகிறது. பல மோட்டார்களினுள் அளவுக்கு மீறிச் சூடானால் மின்சாரத்தைத் தடுக்கும் காப்புச் சாதனம் உள்ளது. ஆறியபின் அது தானே வழிவிடும். பாதி வழி ஏறி நின்று, சில நிமிடங்களுக்குப் பின் மீண்டும் இயங்கும் ஜன்னலைக் கண்டால், முதலில் ரப்பரைச் சோதிக்க வேண்டும்.

மின்சாரம் செல்லும் பாதை

பாட்டரியிலிருந்து வரும் மின்சாரம் ஃப்யூஸ், ரிலே ஆகியவற்றைக் கடந்து சுவிட்சுகளை அடைகிறது. ஓட்டுநர் கதவில் எல்லா ஜன்னல்களுக்கும் உரிய தலைமைச் சுவிட்சு உள்ளது. மற்றக் கதவுகளில் அந்தந்த ஜன்னலுக்கு உரிய தனிச் சுவிட்சு உள்ளது. மின்னணுக் கட்டுப்பாடு இல்லாத பழைய வண்டிகள் பலவற்றில் இவை இணைக்கப்பட்டிருக்கும் முறை கூர்ந்து கவனிக்கத்தக்கது.

மோட்டாரின் இரு முனைகளிலிருந்து இரண்டு கம்பிகள் புறப்படுகின்றன. அவற்றை ஏற்றக் கம்பி, இறக்கக் கம்பி என்று அழைப்போம். சுவிட்சுகளைத் தொடாதபோது இவ்விரண்டும் முதலில் தனிச் சுவிட்சையும், அதன்பின் தலைமைச் சுவிட்சையும் கடந்து, வண்டியின் உடலாகிய எர்த்தை அடைகின்றன. தனிச் சுவிட்சில் ‘ஏற்று’ என்னும் பக்கத்தை அழுத்தினால், ஏற்றக் கம்பி மட்டும் எர்த்திலிருந்து விடுபட்டு 12 வோல்ட்டைப் பெறுகிறது. மின்சாரம் மோட்டாரைக் கடந்து, இறக்கக் கம்பியின் வழியாகத் தலைமைச் சுவிட்சுக்குச் சென்று எர்த்தை அடைகிறது. ‘இறக்கு’ என்பதை அழுத்தினால் இறக்கக் கம்பி 12 வோல்ட்டைப் பெற, ஏற்றக் கம்பி திரும்பும் பாதையாகிறது.

இதிலிருந்து ஒரு முக்கியமான உண்மை புலப்படும். பயணியின் பக்கத்துச் சுவிட்சை அழுத்தும்போதும் மின்சாரம் ஓட்டுநர் பக்கத்துச் சுவிட்சின் வழியாகவே திரும்புகிறது. ஆதலால் ஓட்டுநர் சுவிட்சில் படிந்த அழுக்கு, மறுபக்கத்து ஜன்னலை நிறுத்திவிடக்கூடும்.

இனி நம் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். தனிச் சுவிட்சினால் கண்ணாடி இறங்கியது. ஆகவே ஃப்யூஸ், மோட்டார், மோட்டாருக்கும் தனிச் சுவிட்சுக்கும் இடையிலுள்ள இரு கம்பிகள், ஏற்றக் கம்பியின் திரும்பும் பாதை ஆகிய அனைத்தும் நல்ல நிலையில் உள்ளன. ஏறுவதற்கு மேலும் வேண்டியவை இரண்டே. ஒன்று, தனிச் சுவிட்சின் ‘ஏற்று’ முனை. மற்றொன்று, இறக்கக் கம்பியின் திரும்பும் பாதை. முனை மட்டும் கெட்டிருந்தால் ஓட்டுநர் சுவிட்சு கண்ணாடியை ஏற்றியிருக்கும். அது ஏற்றவுமில்லை, இறக்கவுமில்லை. தலைமைச் சுவிட்சினால் இயக்கும்போது இரு திசைகளிலும் மின்சாரம் கடக்க வேண்டிய கம்பிகள், இரண்டு சுவிட்சுகளுக்கும் இடையிலுள்ளவையே. ஏற்றக் கம்பி நன்றாக உள்ளது என்பதை முன்னரே கண்டோம். எனவே, பழுது இறக்கக் கம்பியில், இரு சுவிட்சுகளுக்கும் இடையே இருக்க வேண்டும். கண்ணாடி ஏறாமைக்கு இறக்கக் கம்பியே காரணம் என்பது முதற்கண் வியப்பாகத் தோன்றினும், பாதையைத் தொடர்ந்து பார்ப்போர்க்கு இது தெளிவாகும்.

கதவைத் திறப்பதற்கு முன் செய்ய வேண்டிய சோதனைகள்

கருவி எதுவும் இல்லாமலேயே கண்ணாலும் காதாலும் அறியத்தக்கவை பல. அவற்றைக் கீழே தருகிறோம்.

1. ஓட்டுநர் பக்கத்தில் மற்ற ஜன்னல்களைப் பூட்டும் பொத்தான் உள்ளது. குழந்தைகளின் பாதுகாப்புக்காக அமைந்த அது அழுத்தப்பட்டிருந்தால் தனிச் சுவிட்சுகள் இயங்கா. இதை முதலில் பார்க்க வேண்டும்.

2. எல்லா ஜன்னல்களும் ஒரே சமயத்தில் நின்றுவிட்டால், அவற்றிற்குப் பொதுவான உறுப்புகளையே ஐயுற வேண்டும். ஃப்யூஸ், ரிலே, தலைமைச் சுவிட்சுக்கு வரும் மின்சாரம், அதன் எர்த்து ஆகியவை அவை. நான்கு மோட்டார்களும் ஒரே நாளில் கெடுவது அரிது.

3. எஞ்சினை நிறுத்திச் சாவியை மட்டும் திருப்பி, உள் விளக்கை ஏற்றிவிட்டுச் சுவிட்சை அழுத்துக. கண்ணாடி அசையாத போதிலும் விளக்கு சற்று மங்கினால், மோட்டார் மின்சாரத்தை இழுக்கிறது. ஆனால் சுழல முடியாமல் சிக்கியுள்ளது. விளக்கு சிறிதும் மங்காவிடில், மின்சாரம் மோட்டாரைப் போதிய அளவில் அடையவில்லை எனலாம்.

4. மோட்டார் சுழலும் ஓசை கேட்டும் கண்ணாடி அசையாவிடில், கம்பிவடம் அறுந்திருக்கலாம். அல்லது கண்ணாடியைத் தாங்கும் பிளாஸ்டிக் துண்டு உடைந்திருக்கலாம். கண்ணாடி திடீரெனக் கதவுக்குள் விழுவதும் இதனாலேயே. இங்கு மின்சாரப் பகுதியில் தேடுவது வீண்.

5. கதவைச் சிறிது திறந்தோ மூடியோ சுவிட்சை அழுத்தும்போது ஜன்னல் இயங்கி இயங்கி நின்றால், கதவுக்கும் வண்டியின் உடலுக்கும் இடையே ரப்பர் உறையினுள் செல்லும் கம்பிகளைச் சோதிக்க வேண்டும். கதவைத் திறக்கும்போதெல்லாம் அவை வளைந்து நிமிர்கின்றன. ஆண்டுகள் செல்லச் செல்ல, மேலுறை முழுமையாகத் தோன்றினும் உள்ளிருக்கும் செப்பு இழைகள் ஒவ்வொன்றாக அறுபடுகின்றன.

6. எஞ்சின் ஓடும்போது நன்கு ஏறும் கண்ணாடி, நிறுத்தியபின் மிக மெதுவாக ஏறினால், பாட்டரியையும் அதன் இணைப்புகளையும் பார்க்க வேண்டும். நன்கு மின்னேற்றம் பெற்ற பாட்டரி ஓய்வில் சுமார் 12.6 வோல்ட்டும், எஞ்சின் ஓடும்போது ஏறத்தாழ 14 வோல்ட்டும் காட்டும்.

மீட்டரின் பொய்யும் மெய்யும்

நம் எடுத்துக்காட்டில் பட்டறையாளர் மீட்டரைப் பயன்படுத்தாமல் இல்லை. மோட்டாரின் கப்ளர் என்னும் செருகு இணைப்பைக் கழற்றி, அதன் இரு துளைகளிலும் மீட்டரின் முனைகளை வைத்து, ‘ஏற்று’ என்பதை அழுத்தினர். மீட்டர் 12 வோல்ட்டு காட்டியது. மின்சாரம் சரியாக வருகிறது, ஆதலால் மோட்டாரே கெட்டது என்று முடிவு செய்தனர். அளவு சரியே, முடிவுதான் தவறு. இதன் காரணத்தை ஓம் விதி விளக்கும்.

சுழலத் தொடங்கும் கணத்தில் மோட்டாரின் தடை 1 ஓம் என்றும், அறுபட்டுக் களிம்பேறிய கம்பியின் தடை 3 ஓம் என்றும் கொள்வோம். மற்றச் சிறு இழப்புகளை விட்டுவிடுவோம்.

மோட்டாரைக் கழற்றிவிட்டு மீட்டரை மட்டும் இணைத்தால், அதன் உட்தடை சுமார் 1 கோடி ஓம் ஆகும். அதன் வழியே செல்லும் மின்சாரம் மிக நுண்ணியது. அவ்வளவு சிறு ஓட்டம் 3 ஓம் தடையில் இழக்கும் அழுத்தம், ஒரு வோல்ட்டின் பத்து லட்சத்தில் நான்கு பங்குக்கும் குறைவு. எனவே மீட்டர் 12 வோல்ட்டையே காட்டும்.

21 வாட்டுப் பல்பு ஒன்றை அதே இடத்தில் இணைத்தால், ஒளிரும் நிலையில் அதன் தடை சுமார் 7 ஓம். அதற்குக் கிடைப்பது ஏறத்தாழ 8 வோல்ட்டுதான். பல்பு மங்கலாக எரியும். பழுதின் முதல் அறிகுறி அங்கே கிட்டும்.

மோட்டாரையே இணைத்தால், மொத்தத் தடை 4 ஓம்; மின்னோட்டம் 3 ஆம்பியர். மோட்டாருக்குக் கிடைப்பது 3 வோல்ட்டு. பழுதடைந்த கம்பியில் இழக்கப்படுவது 9 வோல்ட்டு. 12 ஆம்பியர் இழுத்துச் சுழல வேண்டிய மோட்டார் 3 ஆம்பியரைக் கொண்டு அசைய முடியாமல் நிற்கும். அத்துடன் கம்பியின் அந்த ஓரிடத்தில் 27 வாட்டு வெப்பமாகிறது. சுவிட்சை விடாமல் அழுத்திக்கொண்டே இருப்பது ஏன் ஆபத்து என்பதும் இதனால் விளங்கும்.

சுமையில்லாத போது அளக்கும் வோல்ட்டு, பாதை முற்றிலும் அறுபடவில்லை என்பதை மட்டுமே கூறும். பாதை வேலைக்குத் தகுதியானதா என்பதைச் சுமையுடன் அளந்தே அறிய வேண்டும். பழுதறியும் கலையில் இவ்வொன்றை மனத்திற் கொண்டால், ஜன்னலுக்கு மட்டுமன்றி வயலிலுள்ள பம்புசெட்டு, வீட்டிலுள்ள விளக்கு முதலியவற்றிற்கும் அது வழிகாட்டும்.

சுமையுடன் அளக்கும் முறை

இதற்குக் கதவின் உட்பலகையாகிய டோர் பேடைக் கழற்ற வேண்டும். மறைந்துள்ள திருகுகளை முதலில் நீக்கி, பின்னர் ஓரங்களிலுள்ள பிளாஸ்டிக் கிளிப்புகளை ஒவ்வொன்றாக விடுவிக்க வேண்டும். உள்ளே ஒட்டப்பட்டிருக்கும் பிளாஸ்டிக் தாளைக் கிழிக்காமல் மெல்லப் பிரித்தெடுக்க. சுவிட்சை மீண்டும் அதன் இணைப்பில் பொருத்தி, மோட்டாரையும் கழற்றாமல் வைத்துக்கொண்டு அளக்க வேண்டும். கப்ளரின் பின்புறம் கம்பி நுழையும் இடத்தில் மெல்லிய குண்டூசியைச் செருகி மீட்டரின் முனையை அதில் வைக்கலாம்.

மீட்டரின் கருப்பு முனையை நீண்ட கம்பி ஒன்றினால் பாட்டரியின் எதிர் முனையுடன் இணைக்க. ஒருவர் ‘ஏற்று’ என்பதை இரண்டு வினாடி மட்டும் அழுத்த, மற்றொருவர் சிவப்பு முனையால் மோட்டாரின் இரு கம்பிகளையும் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடுக. நல்ல நிலையில் ஏற்றக் கம்பி பாட்டரியின் அழுத்தத்தை ஒட்டியும், இறக்கக் கம்பி பூஜ்யத்தை ஒட்டியும் காட்டும். ஏற்றக் கம்பியில் அழுத்தம் மிகக் குறைந்திருந்தால் வரும் பாதையிலும், இறக்கக் கம்பியில் அழுத்தம் ஏறியிருந்தால் திரும்பும் பாதையிலும் பழுது உள்ளது. ஒவ்வொரு பக்கமும் அரை வோல்ட்டு அளவு இழப்பைப் பொருட்படுத்த வேண்டுவதில்லை. சில வோல்ட்டுகள் குறைந்தால் தேட வேண்டும்.

நம் வண்டியில் ஏற்றக் கம்பி 12 வோல்ட்டும், இறக்கக் கம்பி 9 வோல்ட்டும் காட்டின. இறக்கக் கம்பியைத் தொடர்ந்து சென்று ரப்பர் உறைக்கு இருபுறமும் அளந்தபோது, கதவுப் பக்கம் 9 வோல்ட்டு, உடல் பக்கம் ஏறத்தாழ பூஜ்யம். பழுது ஒரு சாண் நீளத்துக்குள் அகப்பட்டுவிட்டது. உறையைப் பின்னுக்குத் தள்ளிப் பார்த்தபோது, பச்சைக் களிம்பேறிய ஓரிரு இழைகள் மட்டும் எஞ்சியிருந்தன. ஒரு முழக் கம்பியே அதற்கு மருந்தாயிற்று. கழற்றி எறியப்பட்ட பழைய மோட்டார் கடைசிவரை நல்ல நிலையிலேயே இருந்தது.

செப்பனிடும் முறை

கம்பி: அறுந்த இடத்திலேயே முறுக்கி நாடா சுற்றுவது போதாது. அதே பருமனுள்ள, பல மெல்லிய இழைகளால் ஆன புதிய கம்பியை எடுத்து, இணைப்புகள் இரண்டும் ரப்பர் உறைக்கு வெளியே, வளையாத இடத்தில் அமையுமாறு செய்ய வேண்டும். ஈயப் பற்று வைத்த இடம் விறைப்பாகிவிடுவதால், வளையும் பகுதியில் அது விரைவில் ஒடியும்.

சுவிட்சு: புழுதியும் கரியும் படிந்த முனைகளை, மின்முனைகளுக்கென விற்கப்படும் துப்புரவுத் திரவத்தால் கழுவலாம். முரட்டு உப்புத்தாளால் தேய்த்தால் முனையின் மேற்பூச்சுப் போய்விடும்.

மோட்டார்: இரு முனைகளிலும் போதிய அழுத்தம் சுமையுடன் கிடைத்தும் சுழலாத மோட்டாரே கெட்ட மோட்டார். திருப்புளியின் கைப்பிடியால் அதன் உறையை மெல்லத் தட்டும்போது சுழலத் தொடங்கினால், உள்ளிருக்கும் கார்பன் தூரிகைகள் தேய்ந்துள்ளன என்று அறியலாம். சில நாளைக்கு அது ஓடினும் மாற்றுவதே தக்கது.

ரப்பர்: சானலை ஈரத்துணியால் துடைத்து உலர்த்திய பின், சிலிகோன் தெளிப்பு இட வேண்டும். எஞ்சின் எண்ணெயோ கிரீஸோ கூடாது. கதவு ரப்பர்கள் பலவும் பெட்ரோலிய எண்ணெயில் ஊறிப் பருத்துவிடும். கிரீஸில் புழுதியும் ஒட்டும்.

நீர்: பிரித்த பிளாஸ்டிக் தாளை மீண்டும் சரியாக ஒட்டுவதை எவரும் மறக்கலாகாது. கண்ணாடியின் ஓரமாக வழியும் மழைநீரை அதுவே உட்பலகையிலிருந்து விலக்கி வைக்கிறது. கதவின் அடியிலுள்ள வடிகால் துளைகளை மழைக் காலத்துக்கு முன் குச்சியால் துப்புரவு செய்வது நன்று. சுவிட்சுகளும் இணைப்புகளும் களிம்பேறுவதை இது பெரிதும் தடுக்கும்.

ஒரே தொடுதலில் முழுவதும் ஏறும் வசதியுள்ள வண்டிகளில், பாட்டரியைக் கழற்றி மாட்டிய பின் அவ்வசதி நின்றுபோவதுண்டு. அது பழுதன்று. கண்ணாடியை மேலே கொண்டுபோய்ச் சுவிட்சைச் சில வினாடி பிடித்திருந்தால் பல வண்டிகளில் அது மீளும். அதற்குரிய முறையை வண்டியின் கையேட்டில் காணலாம்.

எச்சரிக்கை

கதவுக்குள் கையை விடுமுன் சாவியை எடுத்துவிட வேண்டும். கண்ணாடியை அகன்ற நாடாவால் கதவுச் சட்டத்துடன் பிணைத்து நிறுத்த வேண்டும். இல்லாவிடில் ரெகுலேட்டரைக் கழற்றியதும் அது கையின்மேல் விழும். தகட்டின் விளிம்புகள் கூர்மையானவை. கையுறை அணிவது நல்லது.

உருகிய ஃப்யூஸுக்குப் பதிலாக அதிக ஆம்பியருள்ளதையோ, செப்பிழையையோ, ஈயத் தாளையோ வைப்பது தீயை வரவழைப்பதாகும். மோட்டாரை நேராக இயக்கிப் பார்ப்பதாயினும் இடையில் ஃப்யூஸ் ஒன்றை வைத்துச் சில வினாடிகள் மட்டுமே இயக்க வேண்டும்.

எல்லாவற்றிலும் முக்கியமானது குழந்தைகளின் பாதுகாப்பு. இக்காலத்துத் தானியங்கி ஜன்னல்கள், இடையில் ஏதேனும் அகப்பட்டால் 100 நியூட்டன் விசையை எட்டுமுன் திரும்பி இறங்குமாறு சர்வதேசத் தர விதிகள் வகுக்கப்பட்டுள்ளன. பழைய வண்டிகள் பலவற்றில் இக்காப்பு இல்லை. அகப்பட்டது விரலா, கழுத்தா என்பதை மோட்டார் அறியாது. செப்பனிட்ட பின், நன்கு ஏறும் ஜன்னல் முன்னிலும் வலிமையுடன் ஏறும் என்பதை நினைவிற் கொண்டு, குழந்தைகள் இருக்கும்போது பூட்டுப் பொத்தானைப் பயன்படுத்துக. சாவியுடன் குழந்தையை வண்டியில் தனியே விடலாகாது.

வழியில் மழை பிடித்துக்கொண்டால், ஒருவர் சுவிட்சை அழுத்த, மற்றொருவர் கண்ணாடியின் இருபுறமும் உள்ளங்கைகளை வைத்து மேல்நோக்கித் தள்ளினால் அது சில வேளை ஏறிவிடும். அப்போது விரல்கள் மேல் விளிம்பை நெருங்கலாகாது. ஏறிய கண்ணாடியை, பழுது நீங்கும்வரை மீண்டும் இறக்காமல் இருப்பதே அறிவுடைமை.

வகுப்பறையில் ஒரு சோதனை

இப்பாடத்தை ஆசிரியர்கள் எளிதாகச் செய்து காட்டலாம். விளையாட்டுச் சாமான்களில் உள்ள சிறு மோட்டார் ஒன்று, இரண்டு உலர்மின்கலங்கள், மாடிப்படி விளக்குக்குப் பயன்படும் இருவழிச் சுவிட்சுகள் இரண்டு, மீட்டர் ஒன்று ஆகியவை போதும். ஒவ்வொரு சுவிட்சின் பொது முனையையும் மோட்டாரின் ஒவ்வொரு முனையுடன் இணைக்க. இரு சுவிட்சுகளின் மேல் முனைகளை மின்கலத்தின் நேர் முனையுடனும், கீழ் முனைகளை எதிர் முனையுடனும் இணைக்க. ஒரு சுவிட்சை மட்டும் மாற்றினால் மோட்டார் ஒரு திசையிலும், மற்றதை மட்டும் மாற்றினால் எதிர்த் திசையிலும் சுழலும். இரண்டையும் மாற்றினால் நின்றுவிடும். அதன் காரணத்தை மாணவர்களே கூறட்டும்.

அடுத்து, மோட்டாருக்குச் செல்லும் ஒரு கம்பியின் இடையில், இருபுறமும் சீவிய பென்சில் ஒன்றை இணைக்க. அதன் கரிக்குச்சி, களிம்பேறிய கம்பியின் வேலையைச் செய்யும். மோட்டார் தளர்ந்து சுழலும், அல்லது நின்றுவிடும். மோட்டாரைக் கழற்றிவிட்டு அது இருந்த முனைகளுக்கிடையே அளந்தால் மின்கலங்களின் முழு அழுத்தமும் தெரியும். மோட்டாரை மாட்டியதும் அது சரிந்துவிடும். இழந்த அழுத்தம் எங்கே என்று கேட்டால், ஒரு மாணவன் மீட்டரின் முனைகளைப் பென்சிலின் இரு பக்கமும் வைத்துக் காட்டுவான். பழுதறியும் முறை முழுவதும் அச்செயலில் அடங்கியுள்ளது.

பழுது கண்ட இடத்தில் பாகத்தை மாற்றுவது கைத்திறன். எந்தப் பாகம் கெடவில்லை என்பதை முதலில் ஆராய்ந்து விலக்குவது விஞ்ஞான முறை. ஜன்னல் எந்தச் சுவிட்சுக்கு இணங்குகிறது, எந்தத் திசையில் இணங்குகிறது என்று ஒரு காகிதத்தில் குறித்துக்கொண்டு, அதன் பின்னரே திருப்புளியைக் கையில் எடுப்பவர், பெரும்பாலும் ஒரே ஒரு முறைதான் கதவைக் கழற்ற நேரிடும்.